புள்ளி

பகலில் எனக்கு உரைகல் உண்டு.
திருப்பாதிரிப்புலியூர், சன்னதித் தெரு முனை,
நகைக்கடன் கம்பெனி, மூன்றாவது கவுன்ட்டர்.
தோடோ தாலிச்சரடோ, ஓர் இழுப்பு, ஒரு சொட்டு அமிலம்,
கோடு கரைந்தால் கரைந்தது.
எதிரே நிற்பவர் முகத்தை நான் பார்ப்பதில்லை.

இரவில் கண்ணாடிதான்.
பத்தரைக்கு மேல், பக்கத்து வீட்டு மோட்டார் நின்ற பிறகு
கைப்பேசியில் காசு பார்ப்பேன்.
இதை உரச முடியாது.
இரண்டு விரலால் அகட்டலாம்.
அகட்ட அகட்ட செம்பு பெரிதாகும்,
ஓர் அளவுக்கு மேல் செம்பே இருக்காது,
வெறும் கட்டங்கள்.

கொஞ்சம் தேறியிருக்கிறேன்.
மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த வெள்ளியை நம்புவதில்லை.
எடை சொன்னால் தராசோடு படம் கேட்பேன்.
விளிம்பைக் காட்டு என்றதும் நெட் இல்லை என்பவன்
வார்ப்புத் தையலை மறைக்கிறான்.
ஒரே கீறல் ஒரே இடத்தில்
சேலத்துக்காரனிடமும் சூரத்துக்காரனிடமும் இருந்தால்
இருவரிடமும் காசு இல்லை,
படம்தான் இருக்கிறது.

அந்தத் துட்டு அப்படியில்லை.
முத்தியால்பேட்டையிலிருந்து பெர்னதெத் என்று ஒரு பெண்.
ஒரு பக்கத்துக்கு ஒரு படம்.
பூப்போட்ட மேசைவிரிப்பு, பாதிக் கட்டைவிரல்.
இந்தப் பக்கம் அல்லிப்பூ, அந்தப் பக்கம்
வரி உடைத்து எழுதிய புதுச்சேரி.
பழுப்பென்றால் பழுப்பு,
ஆறிப்போன வரக்காப்பியின் அடி நிறம்.

ஒன்று உறுத்தியது.
ச-வின் தலையில் ஒரு புள்ளி.

அந்தக் காலத்து அச்சில் மெய்க்குப் புள்ளி கிடையாது,
வாசிக்கிறவன் வைத்துக்கொள்வான்.
இருந்தால், செய்தவன்
நம்மைப்போல் ஒன்றாம் வகுப்பில் குட்டு வாங்கியவன்.
இல்லாவிட்டால் வார்ப்பில் வெடித்த குமிழி.
அதுவும் இல்லாவிட்டால் அழுக்கு.
பன்னிரண்டு மணிவரை அகட்டினேன்.
புள்ளி ஒரு சதுரமானது,
சதுரம் நாலு சதுரமானது.

"மேடம், எழுத்துக்கு மேல ஒரு புள்ளி தெரியுது.
என்னன்னு பாத்துச் சொல்றீங்களா?"

விடிந்ததும் மூன்று படம் வந்திருந்தது.
"அழுக்கு சார். புளி போட்டுத் தேச்சேன், போயிடுச்சு.
இப்ப பளிச்சுன்னு இருக்கா?"

இருந்தது.
நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் படிந்ததை
ஓர் எலுமிச்சை அளவு புளி உரித்துவிட்டது.
இளஞ்சிவப்புச் செம்பில் அவள் வீட்டு டியூப்லைட் தெரிந்தது.
ஜன்னல் கம்பி, கைப்பேசியைத் தூக்கிய இரண்டு முழங்கை,
முகம் இருக்கவேண்டிய இடத்தில் அல்லிப்பூ.
திருப்பிய படத்தில் ச,
மொட்டையாக, சரியாக.
அசல்தான்.
தெரிந்த நிமிஷத்தில் விலை பத்தில் ஒன்றாகியிருந்தது.

தேய்த்தது அவள்.
கேட்டது நான்.
ஒரே பஸ், ஒரு மணி நேரம்,
நேரில் போயே பார்த்திருக்கலாம்.

"தேய்ச்ச காசு, முந்நூறு" என்று அடித்தேன். அழித்தேன்.
"ஏன் மேடம்" என்று அடித்தேன். அழித்தேன்.
நான் எழுதிக்கொண்டே இருப்பதாக
அந்தப் பக்கம் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.
கவுன்ட்டருக்கு எதிரே நிற்பவர்களும் இப்படித்தான்
என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாக்கும்.

"நல்லா இருக்கு மேடம்."
கேட்ட விலை இரண்டாயிரத்து நானூறு. அதையும் அனுப்பினேன்.

பஞ்சில் சுற்றித் தபாலில் வந்தது,
புதுப் பாத்திரம் மாதிரி.
ஜன்னல் திட்டில் திறந்தே வைத்திருக்கிறேன்.
பழுப்பு திரும்ப அறுபது வருஷமாவது ஆகும்.
எனக்கு ஐம்பத்துமூன்று.
தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று
வட்டியில் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும்
மீட்க நான் வரப்போவதில்லை.

நேற்று ச-வின் தலையில்
ஏதோ துளி மங்கலாகத் தெரிந்தது.
காசின் மேல் இரண்டு விரலை வைத்து
அகட்டிப் பார்த்தேன்.